அரசரின் உடம்பு அரசின் போக்கை மாற்றியதா? சோதித்துப் பார்க்கும் முறை

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135 டிசம்பர் 1 அன்று இறந்தார். வைத்தியர் தடுத்தும் கேளாமல் லாம்ப்ரே மீனை உண்டதுதான் காரணம் என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த ஹென்றி ஆஃப் ஹண்டிங்டன் எழுதிவைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் அந்த நாடு அரியணைச் சண்டையில் சீரழிந்தது. இரண்டு செய்திகளையும் சேர்த்துத் தைத்து, ‘ஒரு மீன் இங்கிலாந்தைக் கவிழ்த்தது’ என்று எழுதிவிடுவது எளிது. மீனைத் தின்றது உண்மையாக இருக்கலாம். நாடு சீரழிந்தது உறுதியான உண்மை. இரண்டையும் இணைக்கும் தையல் தாங்குமா என்பதைத்தான் பெரும்பாலோர் இழுத்துப் பார்ப்பதில்லை.

அப்படி இழுத்துப் பார்க்கும் வழி இங்கே. வரலாற்றுக் கட்டுரை எழுதுவோருக்கும், ‘அப்படி நடக்காமல் இருந்திருந்தால்’ என்று புனைவு எழுதுவோருக்கும் இதே முறைதான். இரு சாராரும் பிடித்துக்கொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு: நோய் தானாக வரலாற்றை மாற்றுவதில்லை. அரசரின் உடம்பு கட்டாயம் தேவைப்பட்ட ஒரு நாளில் அது கிடைக்காமல் போகும்போதுதான் மாற்றம் நிகழ்கிறது. அந்த நாளைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

கேள்வியைச் சுருக்குதல்

‘எட்டாம் ஹென்றியின் உடல்பருமன் இங்கிலாந்தை எப்படி மாற்றியது?’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. எதைச் சொன்னாலும் பொருந்தும். கேள்வியில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: எந்த அரசர், உடம்பில் என்ன கோளாறு, எந்த நாள் அல்லது எந்த மாதம், எந்த அரசுச் செயல். ‘1536 ஜனவரியில் குதிரையிலிருந்து விழுந்ததால் எட்டாம் ஹென்றியின் குணம் மாறி, அதனால் கொலைத் தண்டனைகள் பெருகினவா?’ என்று கேட்டால் சோதிக்க முடியும். நான்கில் ஒன்று நிரம்பவில்லையென்றால் அதை நிரப்பும்வரை எழுதத் தொடங்க வேண்டாம். பெரும்பாலும் நிரம்பாமல் நிற்பது நான்காவது.

இரண்டு பத்தி நாட்காட்டி

ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உடம்பின் நாட்காட்டி: காய்ச்சல், வீழ்ச்சி, புண், படுக்கை, உணவு, மது, மருந்து, மீண்டும் வெளியே தோன்றிய நாள். வலப்பக்கம் அரசின் நாட்காட்டி: ஆணை, படையெடுப்பு, உடன்படிக்கை, தண்டனை, திருமணம், தூதர் சந்திப்பு. இடப்பக்க நிகழ்வு முன்னால் வந்து, வலப்பக்க நிகழ்வு பின்னால் வந்தால்தான் மேலே பேச முடியும்.

எட்டாம் ஹென்றியை இதில் வைத்துப் பார்ப்போம். கிரீன்விச்சில் அவர் விழுந்தது 1536 ஜனவரி 24. அன்றுவரை இனியவராக இருந்தவர் அதன்பின் கொடுங்கோலர் ஆனார் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் கதை. வலப்பக்கத்தைப் பாருங்கள். திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் இயற்றியது 1534. ஆயர் ஜான் ஃபிஷரின் தலை விழுந்தது 1535 ஜூன். தாமஸ் மோர் கொல்லப்பட்டது அதே ஆண்டு ஜூலை. மூன்றும் வீழ்ச்சிக்கு முந்தியவை. வீழ்ச்சிக்குப் பின் கொடுமை கூடியதா என்று கேட்கலாம். வீழ்ச்சியால்தான் தொடங்கியது என்று சொல்ல இடமில்லை. ஒரு தாளும் அரை மணி நேரமும் இந்தப் பிழையைத் தடுத்துவிடும்.

இந்த நாட்காட்டியில் சறுக்க வைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, 1752 வரை இங்கிலாந்தில் அரசு ஆவணங்களின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே மேலே சொன்ன வீழ்ச்சி நடந்த மாதம் அக்கால ஆவணத்தில் 1535 ஜனவரி என்று இருக்கும். கவனிக்காமல் எடுத்தெழுதினால் மோரின் மரணத்துக்கு முன்பே மன்னர் விழுந்துவிடுவார், முடிவே தலைகீழாகும். இரண்டாவது, பழைய ஜூலியன், இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிகளுக்கிடையே 17ஆம் நூற்றாண்டில் 10 நாள் வேறுபாடு. மூன்றாவது, இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். ஹிஜ்ரியில் 33 வயது என்றால் சூரிய ஆண்டில் ஏறத்தாழ 32. ஷாஜஹான் நோயில் விழுந்த நாள் ஹிஜ்ரி 1067 துல்ஹஜ் 7. பல நூல்கள் அதை 1657 செப்டம்பர் 6 என்று தருவது ஜூலியன் கணக்கு. கிரிகோரியனில் அது செப்டம்பர் 16. ஒரு நிகழ்வை ஒரு கணக்கிலும் அடுத்ததை மற்றொரு கணக்கிலும் எழுதிவிட்டால் பத்து நாள் காணாமல் போகும். நோயின் கதையில் பத்து நாள் என்பது சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள தூரம். எந்தக் கணக்கு என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.

யார் பார்த்தார், எங்கிருந்து எழுதினார்

ஒவ்வொரு செய்திக்கும் எதிரே இரண்டு குறிப்பு வேண்டும்: எழுதியவர் நிகழ்விடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தார், எத்தனை நாள் கழித்து எழுதினார். அதே 1536 வீழ்ச்சியில் ஹென்றி இரண்டு மணி நேரம் பேச்சின்றிக் கிடந்தார் என்ற செய்தியை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். மூளைக் காயம் என்ற கருத்துக்கு அதுவே முதுகெலும்பு. அதை எழுதியவர் ரோமில் புனித ரோமப் பேரரசுக்காகப் பணியாற்றிய ஓர்டிஸ். எழுதியது மார்ச் மாதம். பிரான்ஸ் மன்னர் சொன்னதாக எழுதினார். லண்டனிலேயே இருந்த பேரரசின் தூதர் ஷப்புயி சில நாட்களுக்குள் எழுதிய கடிதம், விழுந்த வேகத்துக்கு அவர் சாகாதது அதிசயம் என்றும், ஆனால் காயம் எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. ஷப்புயிக்கு ஹென்றியைக் காப்பாற்றிப் பேசும் தேவை துளியும் கிடையாது. அவர் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி கேத்தரீன் அரசியின் பக்கம் நின்றவர். பகைவனே காயமில்லை என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

அரண்மனை வைத்தியரின் அறிக்கையை அப்படியே நம்புவது பொதுவான பிழை. உலகம் என்ன நம்ப வேண்டும் என்று அரசு விரும்பியதோ, அதுவே பல வேளைகளில் அந்த அறிக்கை. தூதர்களின் கடிதங்களில் வம்பு கலந்திருக்கும், ஆனாலும் தங்கள் அரசருக்குத் தவறான செய்தி அனுப்பினால் பதவிக்கே ஆபத்து என்பதால் தேதியும் சூழலும் கவனமாக இருக்கும். வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றும் பேசாது, ஆனால் பொய்யும் சொல்லாது. மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்த தொகை ஒரு மாதத்தில் திடீரென்று ஏறினால், அறிக்கை என்ன சொன்னாலும் யாரோ நோயில் கிடந்தார் என்று பொருள்.

எழுத்தைவிட உறுதியானவை சில பொருள்கள். 1540இல் எட்டாம் ஹென்றிக்குச் செய்த கவசத்தின் இடுப்பு ஏறத்தாழ 51 அங்குலம். அவருடைய இளமைக் கவசத்தைவிட ஓர் அடிக்கு மேல் கூடுதல். கவசத்துக்குள் தடித்த மெத்தைச் சட்டை அணிவது வழக்கம், ஆகவே அளவை அப்படியே உடம்பின் சுற்றளவாக எடுக்கக்கூடாது. இரண்டு கவசங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஓவியத்துக்கு இந்த நம்பகம் இல்லை. ஓவியர் கூலி வாங்குவது அரசரிடம்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றும் இங்கே பொருந்தும். பாண்டியன் நின்றசீர் நெடுமாறனைப் பீடித்த வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்தார், மன்னன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினான் என்பது தமிழகம் அறிந்த வரலாறு. அரசரின் உடம்பு ஒரு நாட்டின் சமயப் போக்கை மாற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான கூற்று வேறு மொழிகளிலும் அரிது. இதில் இரண்டு அடுக்கு உண்டு. உடலின் இடப்பாகத்தைச் சமணரும் வலப்பாகத்தைச் சம்பந்தரும் தனித்தனியே தீர்க்க முயன்ற விரிவான காட்சி பெரியபுராணத்தில் வருகிறது. அது 12ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்வோ 7ஆம் நூற்றாண்டு. இடைவெளி ஐந்நூறு ஆண்டு. ஆனால் திருநீற்றுப் பதிகத்தின் கடைசிப் பாடலே தென்னன் உடலில் உற்ற பிணி தீர்வதைப் பேசுகிறது. ஆகவே மன்னனுக்கு நோய் என்ற செய்தி பழைய அடுக்கில் இருக்கிறது, காட்சியின் நுணுக்கங்கள் பிந்திய அடுக்கில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதாமல் அடுக்கு பிரித்து எழுதினால் பக்திக்கும் குறையில்லை, ஆய்வுக்கும் குறையில்லை.

நோயின் பெயர் கடைசியில்

முதலில் அறிகுறிகளை மட்டும் எழுதுங்கள். எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த உறுப்பு, எதைத் தின்றபின், எது தணித்தது. பெயர் சூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ். 1788 இறுதியில் அவருடைய சித்தம் கலங்கியது. 1966இல் அதற்குப் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய்ப்பெயர் முன்வைக்கப்பட்டது, உலகெங்கும் பாடநூல்களில் ஏறியது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை மறுத்து, மனநோய் என்பதே பொருந்தும் என்று வாதிட்டார்கள். பெயர் மாறியது. 1789 பிப்ரவரியில் இளவரசரை அரசப் பிரதிநிதியாக்கும் மசோதா மக்களவையைத் தாண்டிய நிலையில் மன்னர் தேறினார், மசோதா கைவிடப்பட்டது, பிரதமர் பிட்டின் அமைச்சரவை தப்பியது. இது எதுவும் மாறவில்லை. வரலாற்று வாதத்துக்கு வேண்டியது ‘எத்தனை வாரம் செயலிழந்திருந்தார்’ என்பதுதான். என்ன நோய் என்று தெரியாமலேயே அந்த வாதத்தை முழுமையாக முடிக்கலாம்.

பெயர் உறுதியாகத் தெரிந்த அரசகுடும்பத்தார் சிலரே. ரஷ்யாவின் கடைசி ஜார் மகன் அலெக்ஸிக்கு இருந்தது ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா பி என்று 2009இல் எலும்பின் மரபணுவிலிருந்து தெரிந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பதப்படுத்திய விரலெலும்பை ஆராய்ந்து 2006இல் யூரேட் படிகங்களைக் கண்டார்கள். அவரைக் கௌட் என்ற மூட்டு நோய் வாட்டியது என்பதில் ஐயமில்லை. இத்தகைய சான்று இல்லாத இடத்தில் மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். அப்போது அரசரின் பெயரைச் சொல்லாதீர்கள். வயது, ஆண் பெண், நாள்வாரி அறிகுறி, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் அவர் எங்கோ படித்த முடிவு முந்திக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று, பழைய ஆவணங்களில் ‘காய்ச்சல்’, ‘வாதம்’, ‘நீர்க்கோவை’ என்பவை இன்றைய நோய்ப்பெயர்கள் ஆகா. அந்தச் சொற்களை அப்படியே மேற்கோளில் வையுங்கள்.

பசியை அளப்பது

சமைத்தது, பரிமாறியது, உண்டது. மூன்றும் வேறு வேறு. அரண்மனை அடுக்களைக் கணக்கில் வரும் ஆட்டுக்கும் மீனுக்கும் அரசரின் வயிற்றோடு நேரடித் தொடர்பு கிடையாது. அரசர் முன் வைத்த தட்டுகளில் பெரும்பகுதி தொடப்படாமல் பணியாளருக்கும், பிறகு வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்கும் போனது. தட்டின் எண்ணிக்கை அரசரின் செல்வத்தைக் காட்டும், பசியைக் காட்டாது. கணக்குப் புத்தகத்தை வைத்து ஒருநாள் கலோரி கணக்கிட்டு எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன.

பசியை நம்பத் தகுந்த வகையில் காட்டுபவை வேறு: உடம்பின் அளவு மாற்றம், உணவைக் குறைக்கச் சொல்லி வைத்தியரோ பாவமன்னிப்புக் குருவோ எழுதிய கடிதங்கள், பயணத்தில் அவருக்கென்று தனியாக வரவழைத்த பொருள்கள், மிக அரிதாக அவரே எழுதியது. ஜஹாங்கீர் அந்த அரியவர்களில் ஒருவர். இருமுறை வடித்த மதுவை நாளொன்றுக்கு 20 கிண்ணம் குடித்ததாகவும், பகலில் 14, மீதி இரவில் என்றும், கை நடுங்கிப் பிறர் ஊட்டிவிடும் நிலை வந்ததாகவும், வைத்தியர் எச்சரித்தபின் படிப்படியாகக் குறைத்ததாகவும் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். கையில் கிண்ணத்தோடு தன் உருவைப் பொன் நாணயத்திலும் பொறித்தார். தானே தன் பழக்கத்தை எண்ணிச் சொல்லும் அரசர் கிடைத்தால், அந்த எண்ணை வேறு எந்த அரசருக்கும் நீட்டிப் பார்க்க வேண்டாம். கிண்ணத்தின் கொள்ளளவு தெரியாமல் லிட்டராக மாற்றவும் வேண்டாம்.

பெருந்தீனியால் சாவு என்ற செய்தியைக் கண்டால் நிதானிக்க வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் வரலாறு எழுதியவர்களில் பலர் துறவிகள். அவர்களுக்குப் பெருந்தீனி ஒரு பாவம், பிடிக்காத அரசர் பாவத்தால் சாவது பொருத்தமான முடிவு. 1216இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். பீச் பழமும் புது ஆப்பிள் மதுவும் அளவுமீறி உண்டதால் நோய் முற்றியது என்று எழுதியவர் ரோஜர் ஆஃப் வெண்டோவர். படை முகாமில் வயிற்றுக்கடுப்பு வருவதற்குப் பழம் எதற்கு? ஸ்வீடன் மன்னர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக் 1771 பிப்ரவரி 12 அன்று பெரிய விருந்துக்குப் பின் இறந்தார். அந்த நாளும் விருந்தும் உறுதி. பதினான்கு தட்டு இனிப்பு ரொட்டி என்று சுற்றிவரும் எண்ணிக்கையை மட்டும் எடுத்துவிடுங்கள். அது இல்லாமலே கதை நிற்கும். அவர் அதிகாரமில்லாத மன்னர்தான். ஆனால் அவருக்குப் பின் வந்த மகன் மூன்றாம் குஸ்தாவ், அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே நாடாளுமன்றத்தின் கையிலிருந்த அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார். வலுவற்ற அரசரின் உடம்பும் சில வேளைகளில் ஒரு கதவைத் தாழிட்டு வைத்திருக்கும்.

உடம்பு தேவைப்பட்ட இடம்

முறையின் இதயம் இதுதான், இங்கே நேரத்தைச் செலவிடுங்கள். ஓர் அரசமைப்பில் அரசரின் உடம்பு எதற்கெல்லாம் கட்டாயம் என்று முதலில் பட்டியலிட வேண்டும். மக்கள் கண்ணில் படவா? கையெழுத்தோ முத்திரையோ இடவா? போர்க்களத்தில் நிற்கவா? வாரிசைப் பெறவா? அல்லது வாரிசு வளரும்வரை உயிரோடு இருப்பது மட்டும் போதுமா? ஒவ்வோர் அரசிலும் விடை மாறும்.

முகலாய அரசில் அரசர் கண்ணில் படுவது கட்டாயம். நாள்தோறும் காலையில் ஜரோகா என்ற மாடத்தில் பேரரசர் தோன்றுவார், கீழே மக்கள் பார்ப்பார்கள். அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அதுவே அன்றாடச் சான்றிதழ். 1657 செப்டம்பரில் டெல்லியில் ஷாஜஹானுக்கு நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வந்து, ஏறத்தாழ ஒரு வாரம் மாடம் காலியாக இருந்தது. பிறகு அவர் தோன்றினார், அக்டோபரில் ஆக்ராவுக்குப் பயணமும் போனார். உடம்பளவில் நெருக்கடி முடிந்தது. ஆனால் உடனிருந்த மூத்த மகன் தாரா ஷுகோ தந்தையைப் பார்க்கவருவோரையும், தம்பிகளுக்குப் போகும் செய்திகளையும் தடுத்தார். செய்தி வராதபோது வதந்திக்கு எடை ஏறுகிறது. ஷுஜா வங்காளத்தில் முடிசூடிக்கொண்டார், முராத் குஜராத்தில் முடிசூடிக்கொண்டார், ஔரங்கசீப் தக்காணத்திலிருந்து கிளம்பினார். 1658 ஏப்ரலில் தர்மத் போர், ஜூலியன் கணக்கில் மே 29 அன்று சமூகர் போர், ஜூனில் ஷாஜஹான் ஆக்ரா கோட்டையில் சிறை. அவர் இறந்ததோ 1666இல்.

நோய் தீர்ந்தபின் எட்டாண்டுக்கு மேல் வாழ்ந்தவரின் நோய்தான் ஆட்சியைப் பறித்தது. இங்கே உடம்பையும் அரசையும் இணைக்கும் கண்ணி நீர்க்கடுப்பு அல்ல, காலி மாடமும் தடுக்கப்பட்ட செய்தியும். ஷாஜஹானைப் பற்றி எழுதும்போது நோயின் காரணத்தை, வீரிய மருந்தா வேறெதுவா என்று பக்கம் பக்கமாக அலசுவோர் உண்டு. வாதத்துக்கு அது தேவையில்லை. அந்தச் சில நாட்களில் செய்தி எந்த வழியாக, எத்தனை நாளில் எந்த மகனை அடைந்தது என்ற அட்டவணை போட்டால் போர் ஏன் வெடித்தது என்பது தானே விளங்கும்.

திடீர் நோயும் நீண்ட நோயும் வேறு வகையில் வேலை செய்கின்றன. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் பிறந்ததிலிருந்தே நலிந்தவர், நெருங்கிய உறவுக்குள் தலைமுறை தலைமுறையாக மணம் செய்த குடும்பம், இரண்டு மனைவியர், குழந்தையில்லை. அவர் 1700 நவம்பர் 1 அன்று இறப்பதற்கு முன்பே, 1698இலும் 1700இலும் மற்ற அரசுகள் அவருடைய நாட்டைப் பங்கிட உடன்படிக்கை எழுதிவிட்டன. நீண்ட நோயில் பிறருக்குத் திட்டமிட நேரம் கிடைக்கிறது. திடீர் நோயில் யார் அருகில் இருந்தாரோ அவர் முந்துகிறார். உங்கள் அரசர் எந்த வகை என்பதை நாட்காட்டித் தாளின் மேலேயே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுதல்

இப்போதுதான் ‘அப்படி நடக்காமல் இருந்திருந்தால்’ என்ற கேள்வி. விதி ஒன்று: உடம்பில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் அன்றைய மருத்துவத்துக்கு எட்டக்கூடியது. பிறகு அந்த அரசருக்கு எத்தனை ஆண்டு கூடுதல் கொடுக்கலாம் என்று நேர்மையாக எண்ண வேண்டும்.

முதலாம் ஹென்றிக்குத் திரும்புவோம். மீனை எடுத்துவிடுங்கள். அவருக்கு வயது ஏறத்தாழ 67. ஐந்தாண்டு கூடுதல் கொடுப்பதே தாராளம். முறையான ஒரே மகன் வில்லியம் 1120இலேயே வெள்ளைக் கப்பல் விபத்தில் மூழ்கிவிட்டார். மகள் மட்டில்டாவுக்கு ஆதரவு தருவதாகப் பிரபுக்கள் சத்தியம் செய்திருந்தார்கள், ஆனால் தந்தை இறந்த வேளையில் அவரும் கணவரும் தந்தையோடு பகைத்திருந்தார்கள். ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீஃபன் கடலைக் கடந்து விரைந்து டிசம்பர் 22இல் முடிசூடிக்கொண்டார். ஐந்தாண்டு கிடைத்திருந்தால் தந்தையும் மகளும் சமாதானம் ஆகியிருக்கக்கூடும், பேரன் வளர்ந்திருப்பான். வாரிசுச் சிக்கலோ அப்படியே இருக்கும். ஆகவே மீன் செய்தது சாவின் தேதியைத் தேர்ந்தெடுத்தது மட்டுமே. அந்தத் தேதி மட்டில்டாவுக்கு மோசமான தேதி. இவ்வளவு சொன்னால் போதும், இதற்குமேல் மீனின் தலையில் ஏற்றக்கூடாது. அதே கதையில் மீனைவிட வலுவான வயிற்றுக் கோளாறு ஒன்று இருக்கிறது: வெள்ளைக் கப்பலில் ஏறிய ஸ்டீஃபன், வயிற்றுப்போக்கால் கரையிறங்கிவிட்டார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஓர்டரிக் விட்டாலிஸ் எழுதுகிறார். இறங்காமல் இருந்திருந்தால் 1135இல் அரியணைக்கு ஓடிவர அவர் இருந்திருக்க மாட்டார். அன்று அவர் அரசரே அல்ல, யாரும் கவனிக்கத் தேவையில்லாத இளைஞர். அரசரின் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அரசராகப் போகிறவரின் உடம்பைத் தவறவிடுவோம்.

ஜெர்மனியின் மூன்றாம் ஃப்ரெட்ரிக் இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. மே மாதம் ஜெர்மானிய மருத்துவர்கள் அறுவை செய்ய அணியமானார்கள். லண்டனிலிருந்து வந்த மருத்துவர் மோரல் மெக்கன்ஸி எடுத்த திசுவில் புற்று இல்லை என்று நோய்க்கூறு ஆய்வாளர் ஃபிர்ஹோ சொன்னதால் அறுவை நின்றது. நவம்பரில் புற்று என்று உறுதியானது. 1888 மார்ச் 9இல் பேரரசர் ஆனபோது அவரால் பேச முடியாது, தாளில் எழுதிக்காட்டினார். 99 நாளில், ஜூன் 15இல் இறந்தார். மகன் இரண்டாம் வில்ஹெல்ம் வந்தார். ‘அறுவை நடந்திருந்தால் முதல் உலகப்போர் இல்லை’ என்ற வாக்கியம் இங்கிருந்து பிறக்கிறது. மாற்றத்தை ஒவ்வொரு படியாக எண்ணுங்கள். அறுவை நடக்க வேண்டும். அக்காலத்தில் குரல்வளை அறுவையே உயிரைப் பறிக்கக்கூடியது, அதில் பிழைக்க வேண்டும். புற்று திரும்பாமல் இருக்க வேண்டும். அவர் பேரரசராகித் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கை எதிர்க்க வேண்டும். அவருடைய தாராளவாதம் பதவியில் அமர்ந்தபின்னும் நிலைக்க வேண்டும். பிறகு 26 ஆண்டு கழித்து வரும் நெருக்கடியில் பிற ஐந்து வல்லரசுகளும் வேறாக நடக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புக் கொடுத்தாலும் ஆறு படியில் 64இல் ஒன்று மிஞ்சும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. மூன்று படிக்குமேல் போனால் அதை வரலாறு என்று எழுதாமல் புனைவு என்று எழுதுங்கள்.

ஃப்ரெட்ரிக் விஷயத்தில் பலர் காணாத ஒன்று, நோய்க்கு இணையாக வேலை செய்த நல்ல உடல்நலம். தந்தை முதலாம் வில்ஹெல்ம் 90 வயது தாண்டி வாழ்ந்தார். அவர் எழுபத்தைந்தில் இறந்திருந்தால் மகனுக்குப் பதினைந்து ஆண்டு ஆட்சி கிடைத்திருக்கும், தொண்டை கெடுவதற்கு முன்பே. நோயைத் தேடும் கண்ணுக்கு ஆரோக்கியம் தெரியாது. ஒவ்வோர் அரசருக்கும் முன்னவர் எத்தனை வயதில் இறந்தார் என்பதையும் தாளில் சேருங்கள்.

போட்டிக் காரணங்கள்

மங்கோலியப் பெருங்கான் ஒகோடை 1241 டிசம்பரில் பெருங்குடிக்குப் பின் இறந்தார். குடியைக் குறைக்க, கிண்ணங்களை எண்ண ஒரு காவலரை அண்ணன் நியமித்ததாகவும், ஒகோடை எண்ணிக்கையை மாற்றாமல் பெரிய கிண்ணத்துக்கு மாறியதாகவும் செய்தி உண்டு. 1242இல் மங்கோலியப் படை ஹங்கேரியிலிருந்து பின்வாங்கியது. குடி ஐரோப்பாவைக் காப்பாற்றியதா? எதிர்ச்சான்றுகளை வரிசையாக வையுங்கள். படைத்தலைவர் பாத்து பின்வாங்கியபின் புதிய கானைத் தேர்ந்தெடுக்க மங்கோலியா போகவில்லை, வோல்கா கரையிலேயே தங்கினார். அந்த ஆண்டு ஹங்கேரிச் சமவெளி ஈரமாகிச் சதுப்பானதால் குதிரைகளுக்கு மேய்ச்சல் கெட்டது என்று மரவளையங்களைக் கொண்டு 2016இல் ஒரு வாதம் வந்தது. கோட்டைகள் எளிதில் விழவில்லை. இத்தனைக்குப் பிறகும் சாவுக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் முழுப் பங்கும் இல்லை. போட்டிக் காரணங்களில் குறைந்தது மூன்றை உங்கள் கட்டுரையிலேயே வையுங்கள், உங்கள் கருத்துக்கு எதிராக இருந்தாலும். செய்தி பயணம் செய்ய எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கும் அங்கே கட்டாயம். செய்தி வந்து சேரும் முன்பே ஒரு படை திரும்பியிருந்தால் அந்தச் சாவு அதற்குக் காரணம் ஆகாது.

எழுதும்போது

வினைச்சொற்களைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். உடற்கூறு சான்றும் தேதியும் கண்ணியும் மூன்றும் உறுதியென்றால் ‘மாற்றியது’. தேதியை மட்டும் தேர்ந்தெடுத்ததென்றால் ‘விரைவுபடுத்தியது’ அல்லது ‘தள்ளிப்போட்டது’. அரசரின் சொல்லே சான்றென்றால் ‘காரணம் காட்டினார்’. 1555இல் பிரஸல்ஸில் ஐந்தாம் சார்லஸ் ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் தோளில் சாய்ந்து நின்று, தன் நலிந்த உடம்பைக் காட்டிப் பதவி துறந்தார். கௌட் இருந்தது எலும்பிலேயே தெரிகிறது, அவர் அதைச் சொன்னதும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் ஜெர்மனியில் சமயப் போரில் தோற்றுக் களைத்தவர் அவர். ஆகவே அங்கே சரியான வினை ‘துணைநின்றது’.

கடைசிச் சோதனை, அச்சுக்கு அனுப்புமுன். கட்டுரையில் நோயையும் உணவையும் பற்றிய வரிகளை மட்டும் அடித்துவிட்டு, மீதியை வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். நிகழ்வுகள் அப்போதும் அவருக்குத் தடையின்றிப் புரிந்தால் அந்த வரிகள் சுவைக்காக நின்றவை. ஷாஜஹான் கட்டுரையில் அந்த வரிகளை அடித்துவிட்டுக் கொடுத்தால், 1657 இறுதியில் இரண்டு மகன்கள் ஏன் தந்தை உயிரோடிருக்கையில் முடிசூடிக்கொண்டார்கள் என்று படிப்பவர் முதல் பக்கத்திலேயே கேட்பார்.